ஓரம் எங்கே இருக்கிறது?

இன்று காலை விழிதியூரில் பஸ் பிடிக்க நடந்து போனேன். சாலையில் பாதிக்கு நெல் காய்கிறது. வண்டி ஏறிவிடக் கூடாதென்று சுற்றிலும் கல் வைத்திருக்கிறார்கள். மீதிப் பாதியில்தான் லாரியும் பஸ்ஸும் நானும்.

பின்னால் வந்த வேன் என் கைப்பையை உரசிக்கொண்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டினார். "ஓரமா போகக் கூடாதாக்கா?"

"ஓரம் எங்கங்க இருக்கு? ஆள் நடக்கிறது தெரியுதுல்ல, மெதுவா வந்தா என்ன?"

மரத்தடியிலிருந்து நெல்லுக்காரர் எழுந்து வந்தார். எனக்காகப் பேசப் போகிறார் என்று நினைத்தேன்.

"செருப்போட நெல்ல மிதிச்சிடாதீங்கம்மா."

வேனுக்கு வழி உண்டு, நெல்லுக்கு இடம் உண்டு. நடக்கிறவளுக்குத்தான் ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வேன் உரசிய அந்த நொடியிலும் என் கால் நெல் பக்கம் ஒதுங்கவில்லை.

ஆத்திரம் தாங்காமல் வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்: "நாளைக்கு நம்ம நெல்லு வருது. ரோட்டுல இடம் இருக்கான்னு பாத்தியா?"

ஜன்னல் வழியே என் கண் சாலையில் காலியிடம் தேடத் தொடங்கிவிட்டது. உங்கள் வீட்டு நெல்லை எங்கே காயவைக்கிறீர்கள்?