மேற்குச் சுவர்

தெருவில் அவரைக் கோந்து என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளின் வெளிச்சுவரில் தெர்மக்கோல் மாதிரியான நுரைப்பலகை ஒட்டி, அதன்மேல் வலை விரித்துப் பூசுவது அவர் தொழில். வெயில் பலகையோடு நின்றுவிடும். அறை வேகாது, ஏசி பாதி நேரம் சும்மா கிடக்கும். இருபது வருஷமாக ஊரார் வீடுகளுக்கெல்லாம் சட்டை போட்டுவிட்ட மனுஷன், தான் மட்டும் மேற்கு பார்த்த வாடகை வீட்டில் வெந்துகொண்டிருந்தார்.

அவர் வெந்தால் பரவாயில்லை. மனைவி படுத்த படுக்கை. மாடிப்படியில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை, வியர்வையும் இல்லை. "வேர்க்காத உடம்புக்குச் சூடு ஆகாது. அறை குளிர்ச்சியா இல்லேன்னா ஜுரமா ஏறும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேற்குச் சுவரோ சாயங்காலம் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் கக்கிக்கொண்டிருந்தது.

வேலை நடந்த இடங்களில் மிஞ்சிய துண்டுப் பலகைகளைக் கேட்டு வாங்கி, இரண்டு வருஷம் சேர்த்தார். பிறகு வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டார்.

"உன் செலவுன்னா பண்ணிக்கோ தம்பி. எனக்கென்ன போச்சு."

இங்கேதான் புத்தி கெட்டது. வாடகைக்கு இருப்பவர்கள் கேட்டால், திருகாணி போட்டு மாட்டினால் போதும், போகும்போது கழற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவர் அவர். தன் மனைவியின் அறை என்றதும், ஊசி முனை இடுக்குகூட இருக்கக் கூடாது என்று பலகையின் முதுகு முழுக்கப் பசை அப்பி ஒட்டினார். அது தன் வீடு இல்லை என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

அந்தக் கோடையில் மனைவிக்கு ஒரு நாள்கூட ஜுரம் வரவில்லை. மின்விசிறியே போதும் என்றாள். "சுவரைத் தொட்டுப் பாருங்க, பானைத் தண்ணி மாதிரி ஜில்லுன்னு இருக்கு" என்று வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். வந்தவர்களில் வீட்டுக்காரரும் ஒருவர்.

அவரும் தொட்டுப் பார்த்தார். அடுத்த மாதமே வாசலில் வந்து நின்றார்.

"பையனுக்குக் கல்யாணம் தம்பி. இந்த வீடு அவனுக்கு வேணும்."

"சார், அவளைத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?"

"உன் கஷ்டம் புரியுது. ஆனா வீடு என்னோடதுதானே."

காலி செய்யும் நாளில் உளி வைத்து நெம்பினார். பலகை பொடிப்பொடியாக உதிர்ந்தது. கையகலத் துண்டுகூட முழுசாக வரவில்லை. வீட்டுக்காரர் பதறிக்கொண்டு வந்தார். "கெடுக்காதப்பா, அது வீட்டோட சேர்ந்தது." நெம்பிய இடத்தைக் கோந்து தன் கையாலேயே பூசிச் சரிசெய்து கொடுத்தார். இதைவிடக் கேவலம் ஒரு தொழில்காரனுக்கு என்ன இருக்கிறது?

புது வீடும் மேற்கு பார்த்ததுதான். படுக்கையில் ஆள் இருக்கும் குடும்பத்துக்கு வேறு யாரும் வீடு தரவில்லை. சுவரில் ஆணி அடிக்கக்கூட அங்கே அனுமதி இல்லை.

அடுத்த கோடையில் காண்டிராக்டர் ஒரு முகவரி கொடுத்து அனுப்பினார். அவர் காலி செய்துவந்த அதே பழைய வீட்டின் மாடி. மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை, பிழைப்பு அப்படி. சாரத்தில் நின்று பலகையை அழுத்திக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார்.

"கீழ ஒட்டின மாதிரியே ஒட்டு தம்பி. மத்தியானத்துலயே மருமக போர்வை கேக்குறா."

கோந்து அங்கேயும் இடுக்கு விடாமல்தான் ஒட்டினார். கை அப்படிப் பழகித் தொலைத்திருக்கிறது. சாரத்தில் இருந்தபடியே, வீட்டில் மனைவியைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மாவுக்கு ஈரத்துணி போட்டியாம்மா?"

"போட்டுக்கிட்டேதான் இருக்கேன்ப்பா. போடப் போடக் காஞ்சிடுது. ஜுரத்துல, பழைய வீட்டுலயே இருக்கோம்னு நினைச்சுக்கிட்டாங்க. கட்டிலைச் சுவரோட ஒட்டிப் போடச் சொல்றாங்க."