உச்சி வெயிலுக்குக் காத்திருந்தோம்

மகன் போனில் ஓர் அருவியை அனுப்பியிருக்கிறான். புனேயில் வேலை அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிற தூரத்தில் ஏதோ மலையாம். தண்ணீர் சீப்புப் போட்டு வாரிவிட்ட நரைமுடி மாதிரி வழவழவென்று இறங்குகிறது. எப்படிடா எடுத்தாய் என்று கேட்டால், லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டினானாம். "சுள்ளுனு வெயிலடிக்கறப்ப அருவிய எடுத்தா வெறும் வெள்ளையாப் போயிரும்மா. மேகம் மூடற வரைக்கும் காத்திருக்கோணும்" என்று பாடம் வேறு. இதைச் சொல்ல இத்தனை வருஷம் கழித்து வருகிறான் பாருங்கள்!

அதோடு விட்டானா? "பாப்பாவுக்குத் தாத்தா மூக்குன்னு எல்லாருஞ் சொல்றாங்க. அப்பா சின்ன வயசுல எடுத்த படம் ஒண்ணு அனுப்பும்மா." கேட்பதற்கென்ன, வாய்க்கு நோவா? இப்போதெல்லாம் எழுந்துபோய் பீரோவைத் திறப்பதற்கே எனக்கு அரைமணி நேரம் யோசனை வேண்டியிருக்கிறது.

பீரோவுக்குள் அந்துருண்டை வாசம். அந்த வாசம் வந்தால் கூடவே எனக்கு டீசல் வாசமும் வந்துவிடும். என் வீட்டுக்காரர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர், அதாவது போர் போடுகிறவர். ஊர் திரும்பும்போது அவர் பெட்டியிலிருக்கும் சட்டையெல்லாம் டீசலும் கல்மாவுமாக நாறும். எத்தனை தண்ணியில் அலசினாலும் போகாது. கடைசியில் அலுத்துப்போய் அந்துருண்டையைப் போட்டு மூடி வைப்பேன். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால், வடக்கே மழை பிடித்து வண்டி நிற்கிற போதுதான் வீட்டுக்கு வருவார். மழை விட்டதும் போய்விடுவார். வருஷா வருஷம் இதே கதை.

ஒரு வருஷம் வந்தபோது பையன் நடக்கத் தொடங்கியிருந்தான். வாசலில் பெட்டியோடு நின்றவரைப் பார்த்து வீலென்று கத்திக்கொண்டு என் சேலைக்குள் புகுந்துகொண்டான். "சாமி, உங்கப்பாடா, பாரு" என்று நான் இழுக்க இழுக்க மூச்சு முட்ட அழுகை. நாள் பல ஆகியும் அவர் கை பட்டால் ஆகவில்லை. "யாரோ லாரிக்காரன்னு நெனச்சுட்டான்போல" என்று சிரித்தார். சிரித்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் நின்றார்.

அப்போதுதான் முடிவு செய்தேன், இருவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துவிட வேண்டும், அதைப் பையன் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டி வருஷம் முழுக்கக் காட்ட வேண்டும் என்று. கல்யாண ஆல்பம் ஒழுகுகிற வீட்டில் நனைந்து ஒட்டிப் பாளமாகியிருந்தது. அவர் லைசென்ஸ் படத்தைச் சொல்லாதீர்கள், அதை வைத்துப் பெற்ற தாயாலும் அவரைக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த ஆடியில் ரிக் முதலாளி, ஆட்களைக் குடும்பத்தோடு வேன் வைத்துக் கொல்லிமலைக்கு அனுப்பினார். வளைவுக்கு வளைவு நான் வாந்தி எடுத்ததை விடுங்கள். படிக்கட்டு இறங்கி ஆகாயகங்கைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாறை நிழல் விழுந்து அந்த இடமே இதமாக இருந்தது. கேமரா, கூட வந்த ரிக் கம்பெனி மேனேஜருடையது. எல்லாரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கென்று கடைசியாக ஒரே ஒரு ஃபிலிம் வைத்திருந்தார்.

"இப்பவே எடுத்துருங்களேன்" என்றேன்.

"இருங்கக்கா. வெயில் நல்லா உழுகட்டும். வெளிச்சம் சாஸ்தியா இருந்தாத்தான் மூஞ்சி பளிச்சுனு வரும்."

மேனேஜர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். புளிச்சோற்றைத் தின்றுவிட்டு உச்சி வெயிலுக்காகக் காத்திருந்தோம்!

வெயில் தலைக்கு நேராக வந்தது. அருவியைப் பார்த்தால் கண் கூசியது. அவர் பையனைத் தூக்கினார். வழக்கம்போல அலறல். என்ன தோன்றியதோ, சட்டென்று தோளில் ஏற்றி உட்கார வைத்துக்கொண்டார். சாரல் முகத்தில் அடித்ததும் பையன் அழுகையை நிறுத்தினான். அப்பன் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் குனிந்து கெக்கெக்கே என்று சிரித்தான். பையனின் நிழல் அவர் முகத்தில் விழுவதைப் பார்த்து, "எறக்கிப் புடிங்க, உங்க மூஞ்சி தெரியல" என்று கத்தினேன்.

"அட இருக்கட்டும் புள்ள, இப்பத்தான் சிரிக்கிறான்" என்று அவரும் கத்தினார். மேனேஜர் அமுக்கிவிட்டார்.

படம் வந்தது. அருவி வெள்ளை வெளேரென்று இருந்தது. "வேட்டி காயப்போட்ட எடத்துல நின்னு எடுத்தீங்களா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். பையன் முகம் அச்சாக விழுந்திருந்தது. அவனுக்குக் கீழே இவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு.

அதையும் மாட்டினேன், வேறென்ன செய்ய? "அப்பா எங்க சாமி?" என்றால் சரியாக அந்தக் கறுப்பின்மேல் விரலை வைப்பான். மறு வருஷம் அவர் வந்து வாசலில் நின்றார். பையன் அவரைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், வீலென்று கத்தினான்.

இப்போது அவருக்கு வேலை இல்லை, நாள் முழுக்க வீட்டில்தான். டிவி முன்னால் இருந்தவரிடம், பீரோவிலிருந்து எடுத்த அந்த அருவிப் படத்தைக் கொடுத்தேன். "பையன் கேக்கறானுங்க, நீங்க சின்ன வயசுல எப்படி இருந்தீங்கன்னு."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "எனக்கென்ன தெரியும்? ரிக்குல கண்ணாடி பாக்க எங்க நேரம்? பாத்தவ நீதான, சொல்லு."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மீசை அடர்த்தியா, அரும்பா? கன்னம் ஒட்டியிருந்ததா? மழைக்கு மழைதான் வீட்டிலிருந்தார். இருந்த நாளிலும் பையன் அழுகிறானா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அவரை எங்கே பார்த்தேன்?

"நல்லா லட்சணமா இருந்தீங்க" என்றேன்.

"அப்படியா?" என்று சந்தோஷமாகக் கேட்டுவிட்டு, படத்தை இன்னொரு தடவை கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.