பாஸ்கு அன்று ஒரு வாய் டீ

உலக யுத்தம் நடந்தபோது பாஸ்ராவுக்கு வெளியே மணல்வெளியில் எங்கள் பட்டாளக் கூடாரங்கள் இருந்தன. கம்பெனியில் தமிழர்கள் பலர் இருந்தாலும் கத்தோலிக்கன் நான் ஒருவன்தான். பகலெல்லாம் லாரிகளுக்கு அடியில் படுத்து வேலை. சாயங்காலம் மற்றவர்கள் சீட்டாட உட்கார்ந்ததும் நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஜெபமாலை சொல்வேன். திருச்சியில், பாலக்கரையில் எங்கள் வீட்டில் ஒருவர் முன்பாதி சொன்னால் மற்றவர்கள் பின்பாதி சொல்வோம். மணல்வெளியில் இரண்டு பாதியையும் நானே சொல்லிக்கொண்டேன்.

கல்யாணமான வருஷமே பட்டாளத்துக்குக் கிளம்பியவன் நான். திருச்சி ஜங்ஷனில் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பாஸ்கு அன்னிக்கு நீங்க அங்க நன்மை வாங்குங்க, நான் இங்க வாங்கறேன். ஒரே பந்தியில உக்காந்த மாதிரி இருக்கும்." சரி என்று தலையாட்டினேன். நன்மை என்றால் பூசையில் சாமியார் நாவில் வைக்கும் அப்பம்.

இயேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முந்தின நாள் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் ஜீப்பில் வந்தார். நன்மை வாங்குமுன் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். எனக்கு இங்கிலீஷ் வராது. கம்பெனி குமாஸ்தா ஸ்ரீரங்கத்து அய்யங்கார், வம்புக்காரர், நல்லவர். அவரே முன்வந்தார்.

"நான் கூட வரேன் ஓய். நீர் தமிழ்ல சொல்லும், நான் இங்கிலீஷ்ல சொல்றேன்."

"வேண்டாம் சாமி. கூச்சமா இருக்கு."

"எங்க ஆசார்யர் மாதிரி ரகசியத்தைக் கோபுரத்துல ஏறி ஊருக்கெல்லாம் சொல்லிடுவேன்னு பயமா? இங்க கோபுரமே கிடையாது!"

சிரித்துவிட்டு நான் தனியாகவே போனேன். மண்டியிட்டுத் தமிழிலேயே சொன்னேன். சாமியார் ஏதோ கேட்டார், எனக்கு விளங்கவில்லை. மார்பில் தட்டிக்கொண்டேன். அவர் கை உயர்த்தி லத்தீனில் மன்னிப்பு சொன்னார். அந்த வார்த்தைகள் மட்டும் ஊரில் கேட்டவை போலவே இருந்தன. வெளியே, மற்ற கம்பெனிகளிலிருந்தும் வந்து நின்ற எங்கள் வரிசையைப் பார்த்து அவர் இங்கிலீஷில் என்னமோ அறிவித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

மறுநாள் விடியும்போது குமாஸ்தா ஒரு தம்ளரோடு வந்து என்னை எழுப்பினார்.

"இன்னிக்கு உங்க பண்டிகை. என் பங்கு சர்க்கரையைப் போட்டு நானே கலந்தேன். குடியும்."

யாராவது கையில் கொடுத்தால் வேண்டாமென்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தூக்கக் கலக்கம் வேறு. ஒரு வாய் உள்ளே போன பிறகுதான் உறைத்தது. நன்மை வாங்குகிறவன் நடுராத்திரி முதல் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பது அன்றைய சட்டம்.

விஷயம் தெரிந்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "ஏகாதசிக்குப் பட்டினி கிடக்கற ஊர்லேர்ந்து வந்தவன், எனக்குத் தோணலையே!"

வெயில் ஏறிய பிறகுதான் பூசை. மற்ற கம்பெனி ஆட்கள் எழுந்துபோய் நன்மை வாங்கினார்கள். நான் கடைசியில் மண்டியிட்டபடியே இருந்தேன். அந்நேரம் அவளும் பாலக்கரைக் கோயிலில் எழுந்து போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பந்தியில் அவள் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள்.

பூசை முடிந்து ஜீப் கிளம்பும்போது குமாஸ்தா ஓடிப்போய்ச் சாமியாரிடம் பேசினார். அவர் திரும்பி வருவதற்குள் ஜீப் போய்விட்டது.

"பட்டாளத்தானுக்கு அந்தச் சட்டத்துல தளர்வு உண்டாம் ஓய். டீ குடிச்சாலும் ஒரு மணி நேரம் விட்டு வாங்கலாமாம். நேத்து எல்லார்கிட்டயும் சொன்னாராமே."

நான் தலையாட்டிய அறிவிப்பு அதுதான்.

ஊர் திரும்பியதும் மனைவியிடம் இதைச் சொன்னேன்.

"ஒரு வாய் டீதானே? அந்தச் சாமியார்கிட்டயே கேட்டிருக்கலாமில்ல?"

"எந்தப் பாஷையில கேக்கறது?"

கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இன்றைக்கும் பாஸ்கு அன்று நன்மை வாங்கித் திரும்பும்போது, அவள் முக்காட்டைச் சற்றே விலக்கி ஆண்கள் பக்கம் பார்ப்பாள், நான் எழுந்து போனேனா என்று.