ஒட்டின பட்டை

“…கதையெல்லாம் அப்புறம் சொல்லலாம் தம்பி. இந்த வண்டி இனிமே போவுமா, போவாதா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு.”

கேட்டவர் முள்ளிப்பட்டில் பட்டு நெய்யும் ஒருவரின் மனைவி. கேட்ட இடம் வேலூர் ரோடு, கண்ணமங்கலத்துக்கு மூன்று மைல் முன்னால். அவருடைய கணவர் ஜீப்பின் பின்னால் படுத்திருந்தார். இடது காலில் விரியன் கடித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஜீப்போ, முன்பக்கம் இடதுபுறமாக, முட்டி போட்ட மாடு போலச் சாய்ந்து நின்றது. வேலூர் போய்ச் சேர்ந்தால்தான் மருந்து. அந்த ஜீப்புக்கு டிரைவரும் நான்தான், மெக்கானிக்கும் நான்தான்.

எழுபதுகள் முடியப்போகிற சமயம் அது. அதுவரை என் வாயில் ‘போவாது’ என்ற சொல் வந்ததே இல்லை. பள்ளிக்கூடம் எனக்கு அஞ்சாவதோடு சரி. சைக்கிள் கடையில் கொஞ்சம், லாரி ஷெட்டில் கொஞ்சம் என்று பார்த்துப் பார்த்துக் கற்ற தொழில். அப்படிக் கற்றவனுக்குள் ஒரு பயம் உட்கார்ந்திருக்கும். ஒரு தரம் ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டால், இவனுக்கு எதுவுமே தெரியாது என்று முடிவுகட்டிவிடுவார்களோ என்று. அதனால் யார் எதைக் கேட்டாலும் ‘போவும்ங்க’, ‘ஆவும்ங்க’. ஆரணி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர் என்னைப் பற்றிச் சொன்னாராம்: “அவனாண்ட பொணத்தக் கொண்டுபோய்க் குடுத்தாலும், ஸ்பார்க் பிளக்க மாத்தினா ஓடும்ங்கன்னுவான்.” எனக்கே சிரிப்பு வந்தது. ஜனங்கள் பேசுகிற பேச்சில் இப்படி ஒன்று அகப்பட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். என்னைத் திட்டியதாக இருந்தாலும் சரி.

ஜீப் ஒரு பட்டு முதலாளியுடையது. பட்டாளத்தில் கழித்துவிட்ட வண்டி. சுற்று ஊர்த் தறிகளுக்குச் சரக்கு கொண்டுபோய்க் கொடுப்பது, நெய்து முடித்த புடவைகளை வாங்கி வருவது, இதுதான் அதன் வேலை. ஆனால் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் அந்த ஜீப்பைத்தான் தேடுவார்கள். முதலாளியும் ஒருநாளும் மறுத்ததில்லை.

இப்போது வருகிற பெரிய பெரிய கார்களில், சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு பிடித்து நிறுத்த இரும்பில் கை மாதிரி ஒன்று வைக்கிறார்கள். கன்ட்ரோல் ஆர்ம் என்று பெயர். அது உடைந்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். எங்கள் ஜீப்பில் அந்தக் கையெல்லாம் கிடையாது. அடுக்கடுக்கான ஸ்பிரிங் பட்டைகள்தான். பள்ளத்தில் குதிக்கிற அடியை வாங்குவதும் அவைதான், ஆக்சிலை நகராமல் பிடிப்பதும் அவைதான். அதிலும் மேலே இருக்கிற மெயின் பட்டைதான் முனையில் வளையமாகச் சுருண்டு சட்டத்தோடு பூட்டியிருக்கும். அது போனால் எல்லாம் போனது.

அந்த வருஷம் கல்யாண மாசத்தில் முன்பக்கத்து இடது மெயின் பட்டை வளையத்துக்குப் பக்கத்தில் விரிசல் விட்டது. புதுப் பட்டை வேலூரிலிருந்து வர வேண்டும், இரண்டு நாள் ஆகும். “வண்டி நிக்கக் கூடாதுப்பா, இன்னா செய்வியோ செய்யி” என்றார் முதலாளி. நான் வழக்கப்படி ‘ஆவும்ங்க’ என்றேன். வெல்டிங் வைத்து ஒட்டினேன்.

பட்டையை ஒட்டக் கூடாது. எந்த லாரி ஷெட்டிலும் முதல் வாரமே சொல்லித் தருகிற விஷயம் இது. நெருப்புப் பட்ட இடத்தில் இரும்பின் பதம் போய்விடும். வளைய வேண்டியது வளையாமல், ஒருநாள் ஒடிந்துபோகும். எனக்கு இது தெரியாமல் இல்லை. இரண்டு நாளைக்குத்தானே என்று ஒட்டினேன். ஒட்டினவன் அத்தோடு விட்டிருக்கலாம். மேடாக நின்ற வெல்டிங்கை அரத்தால் ராவி ராவி வழவழப்பாக்கி, கறுப்புப் பெயிண்டும் அடித்தேன்.

இதை ஏன் செய்தேன் என்றால், நான் புழங்கிய ஊர் அப்படி. தறியில் இழை அறுந்தால் உடனே முறுக்கிச் சேர்ப்பார்கள். சேர்த்த இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது, விரலுக்குத் தட்டவும் கூடாது. அதுதான் அங்கே கைத்திறன். என் கையும் அப்படி என்று காட்ட எனக்கு ஓர் ஆசை. முள்ளிப்பட்டில், பிற்பாடு பாம்பு கடிபட்ட இந்த அண்ணன்தான் வண்டிக்குக் கீழே குனிந்து, கட்டை விரல் நகத்தால் அந்தப் பட்டையை ஒரு தடவு தடவினார். இன்னொரு தடவு.

“இன்னா மேஸ்திரி, ஒட்டு எங்கன்னே தெரில. நகம் தடுக்கவே இல்லியே. நீ தறியில குந்தவேண்டிய ஆளு.”

நெசவுக்காரர் ஒருவர் இரும்பு ஆசாமியிடம் அப்படிச் சொன்னால் அது பட்டம் கொடுத்த மாதிரி. புதுப் பட்டை வந்தது. ஷெட்டு மூலையில் சாக்கில் சுற்றிப் போட்டேன். மாற்றுவதற்கு நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. அந்த ஒட்டைக் கழற்ற மனம்தான் வரவில்லை. நாலு மாதம் ஓடிற்று. விரிசல் மறுபடி விட்டிருந்தாலும், நான் அடித்த பெயிண்டுக்குள் யாருக்குத் தெரியப்போகிறது?

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் முள்ளிப்பட்டுக்குப் போய் அவர் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினேன். உள்ளே கூச்சல். தறிக்கு முன்னால் காலைத் தொங்கவிட்டு மிதி மிதிக்க ஒரு குழி இருக்கும். ஈரத்துக்கு விரியன் அதற்குள் வந்து சுருண்டிருக்கிறது. அண்ணன் பார்க்காமல் காலை விட்டுவிட்டார். பக்கத்துத் தறிக்காரர் ஓடிவந்து, கையில் கிடைத்த பட்டு நூலை நாலு மடிப்பாக்கிக் கணுக்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டியிருந்தார். நெசவுக்காரர் போட்ட முடிச்சு. நகத்தை வைத்தாலும் பிரியாது.

நாங்கள் தூக்கி ஜீப்பில் கிடத்தும்போது அண்ணன் பேசிக்கொண்டேதான் வந்தார். “குழியில ஒருத்தன் குந்தத்தான் எடம். அவன் முன்னாடியே வந்து குந்திகினான். நான் கேக்காம எறங்கினா கோவம் வராதா?”

“வாய மூடிகினு வா” என்றார் அண்ணி.

ஆரணி ஆஸ்பத்திரியில் காட்டினோம். அன்றைக்கு அங்கே மருந்து இருப்பு இல்லை. வேலூருக்கு ஜல்தியாக் கொண்டுபோங்க என்றார்கள். மிதித்தேன். பின்னால் அண்ணி மடியில் அண்ணன் தலை, காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்துத் தறிக்காரர். பாதி வழியில் ஒரு பள்ளம். பெரிய பள்ளம்கூட இல்லை. இடது பக்கம் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்டியரிங் என் கையைப் பிடுங்கிக்கொண்டு இடதுபக்கம் ஓடியது. புளியமரத்துக்கு நாலு அடி முன்னால் நிறுத்தினேன்.

குனிந்து பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் பார்த்தேன். ஒட்டின இடத்துக்கு ஒரு விரல் தள்ளிப் பட்டை இரண்டாக ஒடிந்து, ஆக்சில் பின்னால் நகர்ந்து, டயர் மட்கார்டில் முட்டிக்கொண்டிருந்தது. ஒடிந்த இடத்தில் பாதி துருப்பிடித்துக் கறுத்திருந்தது, பாதிதான் புதுசாகப் பளபளத்தது. ரொம்ப நாளாகவே பாதி பட்டையில்தான் ஓடியிருக்கிறோம்.

“இன்னா மேஸ்திரி?” என்றார் தறிக்காரர்.

“ஒண்ணுமில்ல. கட்டிட்டாப் போவும்.”

வயலில் இருந்த ஒருவரிடம் மாட்டு வண்டிக் கயிறு வாங்கி, ஆக்சிலை முன்னால் இழுத்துச் சட்டத்தோடு கட்டத் தொடங்கினேன். அப்போதுதான் ஆரணிப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. தறிக்காரர் ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினார். பஸ் வேகம் குறைந்தது. டிரைவர் தலையை நீட்டி என்னைப் பார்த்தார்.

நான் வண்டிக்குக் கீழே படுத்திருந்தேன். கயிற்றின் கடைசி முடிச்சு என் கையில் இருந்தது. அந்த முடிச்சு இறுகியிருந்தது என்று எனக்குத் தோன்றியது. பஸ்ஸில் ஏற்றுவதென்றால் என் வண்டி கெட்டது என்று ஆகிவிடும். ஏன் கெட்டது என்று கேட்பார்கள். இவ்வளவும் அந்த ஒரு நொடியில் யோசித்தேனா என்றால், யோசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கீழே இருந்தபடியே கையை வீசினேன். “வாணாம்ங்க, ரெடியாயிடுச்சு, நீங்க போங்க.”

பஸ் போய்விட்டது.

ஜீப் நகர்ந்தது. நடக்கிற வேகத்தில் மூன்று பர்லாங் போயிருக்கும். கயிறு தேய்ந்து அறுந்தது. மறுபடி கட்டினேன். இந்தத் தடவை தறிக்காரர் தன் கையால் முடிச்சுப் போட்டார். அது பிரியவில்லை, ஆனால் கயிறு முடிச்சுக்குப் பக்கத்தில் அறுந்தது. “நூலு நம்ம பேச்சக் கேக்கும், கயிறு கேக்கல மேஸ்திரி” என்றார். சிரிப்புக்காகச் சொன்னது இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

அண்ணன் பேச்சை நிறுத்தியிருந்தார். கால் முட்டிவரை வீங்கிக் கறுநீலமாக மினுங்கிற்று. பட்டு நூல் வீக்கத்துக்குள் புதைந்து, கட்டின இடமே தெரியவில்லை. ஈறில் ரத்தம் கசிந்தது. அண்ணி முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. அந்த வழியாக வந்த ஒரு கட்டை வண்டிக்காரர், “ஏத்துங்க, என்னால ஆனது” என்றார். மாடு நடந்து கண்ணமங்கலம் போவதற்குள் என்ன ஆகும் என்று பயந்து ஏற்றவில்லை. இன்னொரு பஸ் வந்தது. எக்ஸ்பிரஸ். நானும் தறிக்காரரும் ரோட்டோரமாக ஓடிக் கை காட்டினோம். ஹாரனை அழுத்திக்கொண்டு எங்களைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

அண்ணன் பிழைத்தார். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களை அந்த வெயிலில் நிறுத்திவைக்க எனக்குப் பிரியமில்லை. ஆனால் வேலூரில் டாக்டர் சொன்னதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். “கடிச்சது ஒரு கேடு, கட்டினது ஒரு கேடு. ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா இந்தக் கால் இப்படி ஆயிருக்காது.” கணுக்காலுக்குக் கீழே உணர்ச்சி திரும்பவே இல்லை. மிதி எங்கே இருக்கிறது என்று தெரியாத காலை வைத்துக்கொண்டு எப்படி நெய்வது? அண்ணிதான் தறியில் உட்கார்ந்தார். அண்ணன் பக்கத்தில் பலகை போட்டுக்கொண்டு நூல் சுற்றினார். கையை வீசி பஸ்ஸை அனுப்பினது நான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்.

ஆனால் அன்றைக்கு அந்த ரோட்டில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. எக்ஸ்பிரஸ் போன சத்தம் அடங்குவதற்குள் நான் மறுபடி வண்டிக்குக் கீழே புகப் பார்த்தேன். தறிக்காரரின் வேட்டியைக் கிழித்துத் திரித்தால் கயிறாகும், மரக்கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்தால் ஆக்சில் நகராது என்று பேசிக்கொண்டே போனேன். வாய் அது பாட்டுக்கு ஓடியது. அப்போதுதான் அண்ணி கணவர் தலையை மடியிலிருந்து மெல்ல இறக்கிவிட்டு, கீழே இறங்கிவந்து, என் எதிரில் நின்று கேட்டார், போவுமா போவாதா என்று.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“போவாது அண்ணி.”

“கட்டினா?”

“கட்டினாலும் போவாது. முதல்லயே போவாது. எனக்குத் தெரியும்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் இருந்தது. தறிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். அண்ணி ரோட்டைப் பார்த்தார். தூரத்தில் ஆரணிப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. அடுத்த பஸ். அதுவும் நிற்காது.

ஜீப்புக்குள் வெள்ளைத் துணியில் சுற்றிய மூட்டை ஒன்று கிடந்தது. காலையில் அவர்கள் தறிக்கென்று நான் கொண்டுபோன பாவு. நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகள், மூன்று புடவைக்கு உண்டானது. அவசரத்தில் யாரும் இறக்கி வைக்கவில்லை. அண்ணி அதை எடுத்து, பல்லால் கடித்து முடிச்சைப் பிரித்தார்.

“அக்கா, அது முதலாளி சரக்கு” என்றார் தறிக்காரர்.

“ஏந்திரு. பாவோட அந்த முனைய மரத்துல கட்டு.”

எங்கள் பக்கத்து நெசவுத் தெருக்களில் விடிகாலையில் பாவைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டி, இழை சரிபார்ப்பார்கள். எந்த வண்டி வந்தாலும் நின்றுவிடும். ஹாரன்கூட அடிக்க மாட்டார்கள். அந்தத் தெருக்களைச் சுற்றி ஓட்டிப் பழகின எந்த டிரைவருக்கும், பாவு மேல் வண்டியை விடக் கால் வராது.

“மனுசன் கை காட்டினா நிக்கல” என்றார் அண்ணி. “இதுக்கு நிப்பான்.”

வியர்வைத் துளி விழுந்தாலே பதறுகிற அரக்குப் பட்டு. அதைச் சேறும் கல்லுமாகக் கிடந்த ரோட்டின் குறுக்கே உதறி விரித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் வரை போனார். மறுமுனையை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, இழை தொய்யாமல் மார்பு உயரத்துக்கு இழுத்துப் பிடித்து, பஸ் வருகிற பக்கம் திரும்பி நின்றார்.