சாமித்தட்டில் இருந்த சாவி

என்னிடம் ஒரு துவக்கு இருந்தது. துப்பாக்கி என்று எழுதினால்தான் எல்லோருக்கும் விளங்கும், ஆனால் யாழ்ப்பாணத்துக்காரனுக்கு அது துவக்குத்தான். இரட்டைக்குழல், மரப்பிடி, பொலிஸ் கொடுத்த லைசென்ஸ். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் மூன்று அறை வீட்டில் இருந்துகொண்டு ரயில்வே சிக்னல் திருத்துகிறவனுக்குத் துவக்கு எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கென்ட் பக்கம் ஒரு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் களிமண் தட்டுகளை வானத்தில் எறிவார்கள். விழுமுன் சுட்டு உடைக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனார். முதல் நாளே ஆறு தட்டு உடைத்தேன்.

உண்மையைச் சொன்னால் என் சந்தோஷம் தட்டு உடைப்பதில் இல்லை. பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி துவக்கு நீட்டியவர்களுக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவன் நான். அந்த நான் லண்டனில் பொலிசை வீட்டுக்குள் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, துவக்கு வைத்திருக்க அனுமதி வாங்கினேன். அந்தக் கடதாசி வந்த அன்று அதை நாலு தரம் எடுத்துப் பார்த்தேன். மனைவிக்கு இது துளியும் பிடிக்கவில்லை. “வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்ட கதை” என்று சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

துவக்கு வைக்க ஓர் இரும்புப் பெட்டி வேண்டும், அதைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சின்ன அறையின் அலுமாரிக்குள் இறுக்கினேன். அதன் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, எங்கே இருக்கிறது என்று என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பது சட்டம். எங்கள் வீட்டில் மனைவிக்குத் தெரியாமல் ஓர் ஊசியைக்கூட ஒளிக்க முடியாது. அவளிடமிருந்து சாவியை மறைத்தால் அது வேறு வழக்காகும். அதனால் குசினியில், அடுப்புக்குப் பக்கச் சுவரில் உயரமாக அடித்திருந்த சாமித்தட்டில், திருநீற்றுக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தேன். சாமிக்கு முன்னால் இருப்பதை யார் தொடப்போகிறார்கள் என்பது என் கணக்கு. லைசென்ஸ் புதுப்பிக்க வந்த பொலிஸ்காரரிடம், சாவி எப்போதும் என் சட்டைப்பையில்தான் இருக்கும் என்று முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் லெஸ்டரிலிருந்து என் தங்கச்சி போன் எடுத்தாள். அவளுடைய மகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்தை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு வீட்டில் கிடந்தாள். சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை. அழுகைக்கு நடுவே தங்கச்சி அந்தப் பெரிய விஷயத்தையும் சொன்னாள். பிள்ளை ஒருமுறை தன்னைத் தானே முடித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறாள். இடம் மாறினால் மனம் மாறும், ஒரு ஆறு மாதம் உங்களோடு இருக்கட்டும் என்று கேட்டாள். “ஒருத்தருக்கும் மூச்சுவிடாதேங்கோ அண்ணை. நாளைக்கு அவளுக்குக் கலியாணம் பேசவேணும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.”

ஆகவே எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்ப எனக்கு வழியே இல்லை.

அவளுக்குக் கொடுக்க இருந்தது அந்தச் சின்ன அறைதான். பெட்டியைக் கழற்ற வேண்டுமா என்று ஒரு பின்னேரம் யோசித்தேன். துவக்குக் கடையில் சொன்னால் அவர்களே எடுத்து வைத்திருப்பார்கள், மைதானத்துக்குக் கூட்டிப்போன வெள்ளைக்கார நண்பரும் அதையே சொன்னார். செய்யவில்லை. துவக்கை அப்புறப்படுத்தினால், மாமா என்னைச் சந்தேகப்படுகிறார் என்று பிள்ளை நினைப்பாள், அவள் மனம் நோகும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். நல்ல மாமா. அதற்கு அடியில் இன்னொரு காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையை விட எனக்கு மனமில்லை. அலுமாரிக் கதவைச் சாத்தி, அதன் முன்னால் அவளுக்கு ஒரு மேசையை இழுத்துப் போட்டேன்.

அவள் நல்ல பிள்ளை. லண்டனிலும் லெஸ்டரிலும் வளர்ந்த மற்றப் பிள்ளைகளைப் போல ஆங்கிலத்தில்தான் பேசுவாள், நடுவில் மாமா, மாமி மட்டும் தமிழில் வரும். மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டிவந்தால் தமிழுக்கு மாறுவாள். கிழமைக்கு ஒருமுறை சேர்ஜரியில், அதாவது டொக்டரின் கிளினிக்கில், ஒரு நேர்சைப் பார்க்கப் போவாள். மனைவி தன் பங்குக்கு ஒரு மருந்து சொன்னாள். பின்னேரம் ஆறு மணிக்கு முகம் கழுவி, சாமித்தட்டில் விளக்கேற்றி, திருநீறு பூசிக்கொள், மனம் ஆறும் என்றாள். அதுவும் அவள் தட்டாமல் செய்தாள். நெற்றியில் மூன்று குறியோடு அவள் வருவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. உயரத்தில் இருக்கிற கிண்ணத்தைத் தூக்கி இறக்காமல் திருநீறு எடுக்க முடியாது என்பது என் மரமண்டையில் ஏறவேயில்லை.

ஒரு ஞாயிறு மைதானத்தால் வந்து, குசினி மேசையில் பேப்பரை விரித்துத் துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

“மாமா, இதை வேற எங்கையாவது வைக்கேலாதோ?”

தமிழில் கேட்டாள். நான் கவனித்திருக்க வேண்டும். நான் கவனித்ததெல்லாம் அவளுக்குத் துவக்கென்றால் பயம் என்பதை மட்டும்தான். பெட்டி எத்தனை மில்லிமீற்றர் இரும்பு, போல்ட் சுவருக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, பொலிஸ் எப்படி ஆட்டிப் பார்த்தது என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். பூட்டிக் கிடப்பது கடிக்காது என்று பகிடியும் விட்டேன்.

“இல்லை மாமா, அந்தத் திறப்பு…”

“திறப்பை மாமா பாத்துக்கொள்ளுவன். நீ அதை யோசியாதை.”

“ஓம் மாமா” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். நான் துடைக்கிற வேலையை முடித்தேன்.

மூன்று கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். வீட்டில் இருக்கும் ஓர் இளம்பெண்ணின் பாதுகாப்புக்காகத் துவக்கை எடுத்துப்போக வேண்டும், லைசென்சையும் இப்போதைக்கு நிறுத்தி வைப்பதாகச் சொன்னார்கள். சாவி எங்கே என்று கேட்டார்கள். அவர்களுக்கு முன்னால் சாமித்தட்டுக்குப் போய்த் திருநீற்றுக் கிண்ணத்தைத் தூக்கினேன். ஒருவர் எதையோ எழுதிக்கொண்டார். எதிர்வீட்டுக் குஜராத்திக் கிழவர் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வந்தவர் போலக் கேற்றில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பிள்ளைதான் நேர்சிடம் சொல்லியிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆறு மாதம் என்று தாய் கேட்டதற்காக வைத்துச் சோறு போட்டால், என் வாசலுக்கே பொலிசை அழைக்கிறாளா என்று கொதித்தேன். தங்கச்சிக்குப் போன் எடுத்து, நாக்கில் வந்ததெல்லாம் சொன்னேன்.

“உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்திட்டாள் உன்ர மகள்.”

திரும்பினால், அவள் படியில் நிற்கிறாள். அடுத்த நாள் ஒரு பையோடு இறங்கி வந்து, வட லண்டன் எட்மண்டனில் சிநேகிதி வீட்டில் இருக்கப் போவதாகச் சொன்னாள். மனைவி மறித்துப் பார்த்தாள். “போட்டு வாறன் மாமா” என்றாள் என்னிடம். நான் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அவள் போன பிறகு நான் செய்த வேலை என்ன தெரியுமா? துவக்கைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினேன். பிள்ளை இப்போது இந்த வீட்டில் இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை என்று நியாயம் காட்டி எழுதினேன். பதில் வரப் பிந்தினால் இன்னொன்று எழுதினேன். ஒருநாள் மேசையில் அப்படி இருந்தபோது மனைவி கறிக்கு வெங்காயம் உரித்தபடியே கேட்டாள்.

“துவக்கைக் கேட்டு ஏழு கடிதம் எழுதிப்போட்டியள். பிள்ளை சாப்பிட்டாளோ எண்டு ஒரு போன் எடுத்தனீங்களோ?”

மனைவி தன்பாட்டில் பிள்ளையோடு கிழமைக்கு இரண்டு தரம் பேசி வந்திருக்கிறாள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. எட்டாவது கடிதத்தில், துவக்கு எனக்கு வேண்டாம், நீங்களே அழித்துவிடுங்கள் என்று எழுதிப் போட்டேன்.

பிள்ளையைப் பார்க்க எட்மண்டனுக்குப் போக எனக்கு மேலும் ஒரு மாதம் எடுத்தது. ரோஷம் அடங்க அவ்வளவு நாளாகிறது. சின்னப் பிள்ளைகள் பகலில் இருக்கிற நேர்சரி ஒன்றில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அவளுடைய வேலை முடிந்தபின் பக்கத்துப் பூங்காவில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்தோம். துவக்கைக் கொடுத்துவிட்டேன், பெட்டியையும் கழற்றியாயிற்று, வீட்டுக்கு வா என்றேன். தனக்கு இங்கே ஒரு அறை இருக்கிறது, மாதமொருமுறை வந்து பார்க்கிறேன் என்றாள். பிறகு, அத்தனை நாளும் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன். குற்றமாகக் கேட்கவில்லை, ஆனால் கேட்டேன்.

“பொலிசுக்குப் போக முந்தி ஏன் பிள்ளை என்னட்டச் சொல்லேல்ல?”

“சொல்ல வந்தனான் மாமா. ஒருநாள் விளக்கு ஏத்தேக்க அந்தத் திறப்பைக் கையில எடுத்தனான். கனநேரம் வச்சிருந்தன். பிறகு அதில வச்சிட்டு மேல போய், நேர்ஸ் தந்த நம்பருக்குப் போன் பண்ணினன். எனக்கு என்னிலயே பயமாப் போச்சு.”

மருமகளிடம் மாமன் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அதனால் எப்படிக் கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரிக் கேட்டேன், குரல் உடைந்துவிட்டது. பரவாயில்லை மாமா, அழாதேங்கோ என்று அவள்தான் என் முதுகைத் தடவினாள். அது எந்த நாள் என்று கேட்டேன்.

“நாள் ஞாபகமில்லை மாமா. நீங்கள் முன்னறையில ரீவி பாத்துக்கொண்டிருந்தனீங்கள். விளக்கு ஏத்தியாச்சோ எண்டு அங்க இருந்து சத்தமாக் கேட்டியள். ஓம் மாமா எண்டனான்.”

நான் அதை ஒவ்வொரு பின்னேரமும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு பின்னேரமும் அவள் ஓம் மாமா என்றுதான் சொல்லியிருக்கிறாள். அதில் அந்தப் பின்னேரம் எது என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.