ஃபேன் ஓடிய மத்தியானம்

வேலை செய்யுமிடத்தில் தொழிலாளர்களின் உடம்புக்கு என்னென்ன ஆபத்து என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அன்று தில்லியில், ஹோட்டல் துணிகளை வெளுக்கும் ஒரு பெரிய லாண்டரிக்குப் போயிருந்தேன். எனக்கே முதுகு வலி. சீக்கிரம் முடித்துவிட்டு சரோஜினி நகர் வீட்டில் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

குறையே தென்படவில்லை. மருந்து நெடியை வெளியே தள்ளும் பெரிய ஃபேன் ஓடியது. ஈரத்துணி மூட்டைகள் தள்ளுவண்டியில் போயின. காற்றில் நெடியை அளக்கும் கருவியை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டே, மத்தியானமே வந்துவிடுவதாகக் கணவரிடம் போனில் சொன்னேன். பக்கத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"தமிழாக்கா நீங்க?"

"ஆமாம்மா."

"கொஞ்சம் இருந்துட்டுப் போங்கக்கா. நீங்க கெளம்பினதும் ஃபேனை நிறுத்திடுவாங்க. வண்டியையும் உள்ள வெச்சிடுவாங்க. அப்புறம் மூட்டையெல்லாம் எங்க தலை மேலதான்."

பஸ்ஸில் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதை எழுதினால், சொன்னது யார் என்று தெரிந்து அவள் வேலை போய்விடும்.

"ஹோ கயா, மேடம்?" என்று மேனேஜர் வந்தார்.

இன்னும் முடியவில்லை என்று சொல்லி ஒரு நாற்காலி கேட்டேன். அணைத்த கருவியை மறுபடி வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இப்போதெல்லாம் எந்த இடத்துக்கும் முன்கூட்டிச் சொல்லாமல்தான் போகிறேன். கேட்டில் நிற்க வைத்துவிடுகிறார்கள். உள்ளே விடும்போது ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால், வேலை முடிந்த பிறகும் ஒரு நாற்காலி கேட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.