பச்சமுடி வண்டி

காலையில் முதலில் அவள் முகம், அப்புறம்தான் தன் முகம். பேச்சிராஜிடம் அதற்கென்று இரண்டு துணி இருக்கிறது. மஞ்சள் துணி வண்டிக்கு. வெள்ளை மெத்துத் துணி அவள் முகத்துக்கு மட்டும். தோசைக்கல் அகலத்துக்கு இருக்கிற அந்த இரண்டு கண்களிலும் தறித்தூசி படிந்திருந்தால், முதலில் வாயால் ஊதுவான், பிறகு ஈரத்துணியை ஒற்றுவான், பிறகுதான் துடைப்பான். தன் முகத்துக்கு வாளியில் மிச்சமிருக்கும் தண்ணீரும் லுங்கி முனையும் போதும்.

அவள் பெயர் மிதோரி. முடி பச்சை. குட்டி யானை என்று நாமெல்லாம் சொல்கிற சின்ன லோடு வண்டிக்கு இரண்டு பக்கமும் தகரம் அடித்து உயர்த்தி, தகரம் முழுக்க அவளை ஒட்டி வைத்திருக்கிறான். கழுத்து வரை ஸ்வெட்டர், கையில் பால் கேன், பின்னால் பனிமலை. மே மாத வெயிலில், விசைத்தறித் துண்டுக் கட்டுகளைச் சுமந்துகொண்டு இந்தப் பனிமலை சங்கரன்கோயிலில் திருவேங்கடம் சாலையில் போவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. அவன் எனக்கு எதிர்வீட்டுக்காரன் என்பதால் அடக்கிப் பழகிக்கொண்டேன்.

பேச்சிராஜுக்கு முப்பத்தாறு வயது. ஜப்பானில் நகோயா பக்கம் கார் சீட்டுக்குக் கம்பி வெல்டிங் செய்யும் கம்பெனியில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தவன். அந்த ஊர்ப் பாஷையைக் கற்றுக்கொண்டது ஒரு அனிமே தொடரைப் பார்த்துத்தான். கார்ட்டூன் என்று வாய்தவறிச் சொன்னால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டான். மலையூரில் ஒரு பெண் சின்ன வண்டியில் வீடு வீடாகப் பால் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அவ்வளவுதான் கதை. சண்டை கிடையாது, பேய் கிடையாது. பார்க்க ஆளில்லாமல் தொடரை நிறுத்திவிட்டார்கள்.

"பன்னெண்டு எபிசோடோட முடிச்சிட்டானுவ அண்ணாச்சி. பனியில பால் வண்டி பாதி மலையில நிக்கி. அதுக்கு மேல என்ன ஆச்சுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது" என்பான். அதைச் சொல்லும்போது அவனுக்கு நிஜமாகவே மனசு கஷ்டப்படும்.

ஊர் திரும்பி வண்டி வாங்கியதும் அவளை ஒட்டினான். ஜப்பானில் இப்படிப் படம் ஒட்டிய கார்களுக்கு இதாஷா என்று பெயராம். இதாய் என்றால் வலி. பார்க்கிறவனுக்குக் கண் கூசும், ஒட்டினவனுக்கு வெட்கம் பிடுங்கும், அதனால் வலிக்கிற கார். அவர்களே வைத்துக்கொண்ட பெயர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி நாற்பது கார்கள் ஒரு மைதானத்தில் வரிசையாக நின்றதைப் பார்த்திருக்கிறான். "ஒரு சத்தம் கெடையாது. அவனவன் வண்டிப் பக்கத்துல கைய கட்டிகிட்டு, பொண்ணு பாக்க வந்த மாப்பிள மாதிரி குனிஞ்ச தல நிமிராம நிக்கான். போட்டோ எடுக்கணும்னா குனிஞ்சு கும்பிட்டுக் கேக்கணும். அவனும் குனிஞ்சு கும்பிட்டு சரிங்கான். யாரும் யாரு வண்டியவும் தொடமாட்டானுவ. ஒட்டுனவள மாத்தவும் மாட்டானுவ, வண்டி துருப்பிடிச்சாலும் அவதான்."

இதற்கு நேர் எதிர்க்கட்சி ஆவுடையப்பன். பேச்சிராஜின் சித்தப்பா மகன். அமெரிக்காவில் டெக்சாஸில் கம்ப்யூட்டர் வேலை. அவனும் காரில் ஒரு அனிமேக்காரியை ஒட்டியிருக்கிறான், கையில் வாளோடு. ஞாயிறு தோறும் வீடியோ காலில் வருவான். அங்கே இந்தக் கார்களைக் கூட்டுகிற இடத்தில் பாட்டு காதைப் பிளக்கும், டயர் புகையும், ஒருத்தன் கார் கூரைமேல் ஏறி நின்று போஸ் கொடுப்பான், பரிசு உண்டு. "ஏலே, பின்னால ஒரு றெக்க மாட்டு. சைலன்சர மாத்து. நீ வாரது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கணும்" என்று யோசனை சொல்லுவான்.

"நீ ரெண்டு வருசத்துல மூணு பொண்ண மாத்திட்ட. உனக்கு வண்டிக்காகப் பொண்ணு. எனக்குப் பொண்ணுக்காக வண்டி" என்பான் பேச்சிராஜ்.

"போல. ஜப்பான்காரன் வெக்கப்பட்டுகிட்டே ஒட்டுதான். நாங்க வெக்கத்த உரிச்சுப் போட்டுட்டு ஒட்டுதோம். எல்லாம் அதே ஸ்டிக்கர்தான்."

இரண்டு பேரும் மாற்றி மாற்றி என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்வார்கள். நான் ஃபோனை வாங்கி டெக்சாஸில் மழை உண்டா என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

நம் ஊர் கணக்கே வேறு. இங்கே ஒரு முகம் வண்டியில் இருந்தால் அது சாமியாக இருக்கவேண்டும், இல்லை நடிகர், இல்லை தலைவர். இவை எதுவும் இல்லையென்றால் செத்துப்போன ஆள். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் ஒரு பூக்காரம்மா மிதோரியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "லெச்சணமான பிள்ள. என்னய்யா செஞ்சுது" என்று கேட்டிருக்கிறாள். பேச்சிராஜ் தொடரைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "பன்னெண்டோட முடிஞ்சு போச்சும்மா" என்றிருக்கிறான். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முழம் மல்லிகையைப் படத்துக்கு மாட்டிவிட்டாள். மறுத்துச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் அந்தப் பக்கம் லோடு போனால் பூ வாங்காமல் வரமாட்டான்.

மற்றபடி அவனைப்போல் வண்டி ஓட்டுகிற ஆளை நான் இந்தத் தாலுகாவில் பார்த்ததில்லை. ஹாரன் அடிக்கமாட்டான். தேங்கிய தண்ணீரில் இறக்கி யார்மேலும் தெறிக்கவிட மாட்டான். ஒரு தடவை ஒரு பைக்குக்காரன் குறுக்கே விழுந்து இவனையே வாய்க்கு வந்தபடி ஏசினான். பதிலுக்கு இவன் ஒரு வார்த்தை பேசவில்லை. "அவ மொகத்த வச்சுகிட்டு ரோட்டுல அசிங்கமா பேச முடியுமா அண்ணாச்சி" என்றான். ஊரில் எல்லாருமே ஒரு பச்சைமுடிக்காரியை ஒட்டிக்கொண்டால் நல்லது என்று எனக்குத் தோன்றியது.

தேவையில்லாத இடத்தில் வாய் பேசியதுதான் வினை. அவன் மனைவி இசக்கித்தாய் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் யாரோ ஒருத்தி, "ஒங்க வீட்டுக்காரரு வண்டில இருக்கவ ஆரு, சின்ன வீடா" என்று கேட்டு, பந்தியே சிரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் இசக்கித்தாய் அதே கேள்வியை இவனிடம் கேட்டாள். இந்த மடையன் சிரித்து மழுப்பியிருக்கலாம். அதை விட்டுவிட்டு முதல் எபிசோடிலிருந்து கதை சொல்ல ஆரம்பித்துவிட்டான். நாலாவது எபிசோடில் அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். மூன்று வயது மகள் அனுவையும் தூக்கிக்கொண்டு சிவகிரியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வாசலில் வைத்து அவள் சொன்னது எதிர்வீட்டில் எனக்கே கேட்டது. "சாமி பேரு முன்னால இருக்கு. பிள்ள பேரு பின்னால இருக்கு. ரெண்டு பக்கமும் அவ இருக்கா. எம் பேரு எங்கன இருக்கு? ரேசன் கார்டுலதான இருக்கு."

ஒன்பது நாள் ஆயிற்று. பேச்சிராஜ் தினமும் மிதோரியைத் துடைத்தான், ஆனால் ஊதவில்லை. ஃபோன் போட்டால் அனு மட்டும் எடுத்து, "பச்ச அக்கா சாப்ட்டாளா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். படத்தை உரித்துவிட்டுப் போய்க் கூப்பிடேன் என்று நான்தான் சொன்னேன்.

"அவ உரிக்கச் சொல்லலியே அண்ணாச்சி. எம் பேரு எங்கன்னுதான கேட்டா" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் சண்முகப்ரியாதான் மிதோரியை அச்சடித்து ஒட்டியவள். மறுநாள் பேச்சிராஜ் அவள் கடைக்குப் போய், நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு, அவள் அதைப் பிரிக்கும்போது தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டானாம். பின்னால் அவளே எனக்குச் சொன்னாள். "பதினோரு வருசமா பேரு வெட்டுதேன் சார். அம்மா பேரு, அப்பா பேரு, பிள்ள பேரு, பாட்டன் பூட்டன் பேரு. பொண்டாட்டி பேர வெட்டச் சொல்லி ஒரு ஆளு வந்ததில்ல. இந்த அண்ணன்தான் மொதல்ல. ஒட்டித் தாரேன்னா, வேண்டாம் நானே ஒட்டிக்கிடுதேன்னு சுருட்டிகிட்டு ஓடிட்டாவ."

அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "அண்ணாச்சி, சிவகிரியில ஒங்க அக்கா வீட்ல ஒரு மர அலமாரி கெடக்குன்னு சொன்னியள்லா. நாளைக்கு எடுத்துட்டு வந்துருவமா?" அலமாரி அங்கே நாலு வருடமாகக் கிடக்கிறது. என் வீட்டில் அதை வைக்க இடமும் கிடையாது. ஆனாலும், லோடு இல்லாமல் மாமியார் வீட்டு வாசலில் போய் நிற்கக் கூச்சப்படுகிறவனிடம் அதையெல்லாம் சொல்லமுடியுமா?

காலையில் கிளம்பினோம். புளியங்குடியில் திரும்பி, வாசுதேவநல்லூரும் தாண்டி, சிவகிரிக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையில் ஒரு எலுமிச்சைத் தோப்போரம் வண்டியை ஓரங்கட்டினான். சீட்டுக்கு அடியிலிருந்து சுருளை எடுத்தான். சாண் உயர மஞ்சள் எழுத்துகள். இடது பக்கக் கதவில், கண்ணாடிக்குக் கீழே, அதைத் தானே ஒட்ட ஆரம்பித்தான்.

மிதோரியை ஒட்டிய அன்று சண்முகப்ரியாவை ஒரு காற்றுக் கொப்புளத்துக்காக மூன்று முறை உரித்து ஒட்ட வைத்த ஆள் இவன். இன்றைக்குக் கதவைத் துடைக்கக்கூட இல்லை. தூரத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டால் போதும், எழுத்தை விட்டுவிட்டுக் கதவில் முதுகைச் சாய்த்து மறைத்து நின்றுகொள்வான். பஸ் போனதும் மறுபடி ஒட்டுவான். காது சிவந்து போயிருந்தது. இத்தனை நாள் ஊர் பார்க்க ஒரு ஜப்பான்காரியைக் கூசாமல் கொண்டு திரிந்தவன்.

"ஏலே, கோணலா இருக்கு."

"இருக்கட்டும் அண்ணாச்சி. யாராவது பாத்துறப் போறாவ."

"பாக்கத்தானல ஒட்டுத?"

அவன் கடைசி எழுத்தை உள்ளங்கையால் ஒரு அறை அறைந்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

அக்கா வீட்டில் அலமாரியை ஏற்றிவிட்டு மாமியார் வீட்டுத் தெருவுக்குப் போனோம். வாழ்க்கையில் முதன்முறையாக அவன் ஹாரன் அடித்து நான் கேட்டேன். "பச்ச அக்கா" என்று கத்திக்கொண்டு அனு ஓடிவந்தாள். பின்னாலேயே இசக்கித்தாய், கையில் இட்லி மாவோடு. ஏசுவதற்கென்றேதான் வந்தாள், நடையிலேயே தெரிந்தது. நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன். கதவில் அவள் பெயர்.

படித்தாள். மறுபடி முதல் எழுத்திலிருந்து படித்தாள். "இது என்னது?"

"பேரு" என்றான் பேச்சிராஜ், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி.

"தெரியுது. சங்கரன்கோயில்ல இருந்து இந்தக் கோலத்துலயா வந்திய?"

"ஆமா" என்றான். நான் அலமாரிக் கயிற்றின் முடிச்சைச் சரிபார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"வெக்கமா இல்ல?"

"இருக்கு."

அக்கம்பக்கத்து வாசல்களில் நாலு பேர் வந்து நின்றுவிட்டார்கள். "வீட்டுக்குப் போன ஒடனே உரிச்சுப் போடணும், ஆமா" என்றாள். பேச்சிராஜ் சரி என்றான். அவள் உள்ளே போய், சேலை மாற்றி, பையோடு வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். அனு மடியில். அந்த வண்டியில் முன்னால் வேறு ஆளுக்கு இடம் கிடையாது. அலமாரியோடு பின்னால் நின்றுகொண்டு வரவேண்டியவன் நான்தான் என்பது யாரும் சொல்லாமலே முடிவாயிற்று.

வாசுதேவநல்லூர் தாண்டியதும் பட்பட்டென்று ஒரு சத்தம். இடது பக்கம் எட்டிப் பார்த்தேன். துடைக்காமல் ஒட்டியதன் லட்சணம், முதல் எழுத்தின் முனை காற்றில் தூக்கிக்கொண்டு அடித்தது. விட்டால் புளியங்குடிக்குள் எழுத்து பறந்துவிடும். கூண்டைத் தட்டி நிறுத்தச் சொல்லலாமா என்று கையை ஓங்கினேன்.

அதற்குள் கண்ணாடி இறங்கியது. பச்சைக் கண்ணாடி வளையலோடு ஒரு கை வெளியே வந்து, கதவைத் தடவி, அந்த முனையைக் கண்டுபிடித்துப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தது. விரலை எடுத்ததும் முனை மறுபடி தூக்கியது. கை மறுபடி வந்தது. இந்தத் தடவை எடுக்கவில்லை. புளியங்குடி மார்க்கெட் நெரிசலில் எங்களை ஒட்டி ஒரு பஸ் வந்து நின்றது. ஜன்னலோரத்து ஆட்கள் எட்டிப் பார்த்து, கதவில் இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தார்கள். பெருவிரல் அங்கேயே இருந்தது.